குளிக்கத் தடை

சீசன் மாதங்களில் எங்கள் குளியலறையின் தண்ணீர் போகும் துளையிலிருந்து நான் எடுக்கிற முடி எதுவும் என்னுடையதல்ல. நீளமானது என் கணவரின் அக்காவான மதினியுடையது. சாயம் ஏறிச் செம்பட்டையாக இருப்பது அவர் மருமகளுடையது. குட்டையாகச் சுருண்டு கிடப்பவை யாருடையவை என்று நான் யோசிப்பதில்லை. ஈர்க்குச்சியில் சுற்றி எடுத்து, செய்தித்தாளில் மடித்து, குப்பையில் போடுவேன். முடியோடு எண்ணெயும் சேர்ந்து வரும். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் தேய்த்துவிடுகிற எண்ணெய். அதில் பாதிதான் அருவியோடு போகும். மீதி எங்கள் வீட்டுக்கு வந்து தலையணை உறையில், நாற்காலிக் கையில், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், சோற்றைப் பிசையும்போது அந்த வாசனை விரலிலிருந்து எழுந்து வரும்.

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்குச் சீசன் என்றால் சாரல் மட்டுமல்ல, சொந்தக்காரர்கள். ஜூன் பிறந்தால் காலை ஆறரைக்குப் போன் அடிக்கத் தொடங்கும். முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விழுகிறது என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நிற்கும். அதிலிருந்து இறங்குகிறவர்களை நான் எண்ணுவதில்லை, செருப்புகளைத்தான் எண்ணுவேன். ஜன்னல் கம்பிகளில், கதவுக் கைப்பிடிகளில், டிவிக்குப் பின்னால் போகும் ஒயரில்கூட ஈரத்துணி தொங்கும். ஆண்களின் பனியன்கள் சொட்டும் இடத்தில் நான் கோலமாவு டப்பா வைத்திருந்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் குமட்டுவது என் முகம். ஒருமுறை அவர்கள் வரும்போது கூடத்து பீரோக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டேன். "வாங்க மதினி, வாங்கண்ணே, வாங்க வாங்க" என்று அது விரிந்திருந்தது. பற்கள் தெரிந்தன. யாரோ ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்று இளிப்பதுபோல இருந்தது.

எனக்கு நாற்பத்தொரு வயது. மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவர் கௌரிசங்கர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. காலை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போக எனக்கு ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

ரத வீதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் உமா மகேஸ்வரி என்ற பெண் இணையதளங்கள் செய்து கொடுக்கிற அலுவலகம் வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மே மாதம் ஒருநாள் அவளிடம் போய் வேலை கேட்டேன். பி.எஸ்ஸி. கணிதம், இருபது வருடத்துக்கு முன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாள்.

"இந்தா கெடக்கு பாருங்க, சர்டிபிகேட்டு மட்டுமே ஒரு கட்டு. எனக்கு இதெல்லாம் வேண்டாம்க்கா. நீங்களா செஞ்ச ஒரே ஒரு பக்கம் கொண்டாங்க. நாலு பேராவது அவங்க தேவைக்குன்னு தொறந்து பாக்குத பக்கமா இருக்கணும். ஆகஸ்ட்ல இங்கன ஒரு பிள்ள கல்யாணமாகிப் போயிருவா, அந்த எடம் காலியாவும். பதினாலாம் தேதி திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

"எங்கன போய்ப் படிக்கது மேடம்? கிளாஸ் ஏதாவது…"

"கிளாஸா? எல்லாம் நெட்ல சும்மா கெடக்கு. தேடி எடுக்கத் தெரிஞ்சா பாதி வேலை தெரிஞ்ச மாதிரி."

சும்மாதான் கிடந்தது. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். சமையலறை மேடையில் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகி, நின்றுகொண்டே தேடினேன்.

முதலில் கிடைத்த வகுப்பில் மூன்று பாடங்கள் இலவசம். நான்காவது பாடத்தின் வாசலில் வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. இன்னொன்று தமிழில் வீடியோ. பதினேழு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் அந்தப் பையன் தன் சேனலுக்குச் சந்தா செய்யும்படி கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு குழுவில் சேர்ந்தேன். வெப் டெவலப்மென்ட் இலவசமாகச் சொல்லித் தருகிறோம், எல்லாரும் ஒரே குடும்பம் என்று போட்டிருந்தது. அதை நடத்துகிறவர் ஒரே காலையில் எட்டுப் பேரின் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார். பொறுமையான மனிதர் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் எனக்குத் தனியாக "ஹாய் சிஸ்டர்" வந்தது. மறுநாள் சிஸ்டர் போய்விட்டது. அதற்கு மறுநாள் ஒரு படம் வந்தது. நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஒரு கையால் திறந்தேன். போனை அரிசிச் சாக்கின் மேல் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன். கையில் எதுவும் படவில்லை என்று தெரிந்தும் கழுவினேன். அந்த வாரம் முழுக்கச் சாம்பார் வைக்கவில்லை.

அத்தோடு படிப்பை விட்டிருப்பேன். ஆனால் ஒரு வீடியோவின் அடியில், முந்நூறு பின்னூட்டங்களுக்குக் கீழே, யாரோ ஒரு லிங்க்கை மட்டும் போட்டிருந்தார்கள். திறந்தால் வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. படமில்லை, விளம்பரமில்லை. என் பெயரைக் கேட்கவில்லை. எளிய ஆங்கிலத்தில் ஒரு பாடம், அதன் கீழே செய்து பார்க்க ஒரு பெட்டி. தப்பாகச் செய்தால் எந்த வரியில் தப்பு என்று அது சொன்னது. எரிச்சல்படாமல் சொன்னது. கடைசியில் ஒரு வரி இருந்தது: இங்கே தவறு கண்டால் எழுதுங்கள்.

இருபதாவது பாடத்தில் ஒரு லிங்க் வேலை செய்யவில்லை. பயந்து பயந்து இரண்டு வரி எழுதிப் போட்டேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. சரிசெய்துவிட்டோம், நன்றி. போய்ப் பார்த்தேன், சரியாகியிருந்தது. எந்த ஊர் ஆளோ, எத்தனை வருடமாக உட்கார்ந்து இதை எழுதினாரோ. நானும்தான் சும்மா கொடுக்கிறேன், பாயும் தலையணையும் இட்லியும் என்று தோன்றியது. ஆனால் நான் கொடுக்கிற எதிலும் நான் இல்லை. என் இட்லியில் வெறுப்பு இருந்தது. அதை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜூலையில் பக்கம் தயாரானது. அதற்கு என்ன பொருள் எடுப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதானே. மூன்று வரிகள்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைய நிலவரம் ஒரு வார்த்தையில். பச்சையில் 'குளிக்கலாம்'. மஞ்சளில் 'தண்ணீர் குறைவு'. சிவப்பில் 'குளிக்கத் தடை'. காசில்லாமல் பக்கங்களை ஏற்றி வைக்க இணையத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதில் ஏற்றினேன்.

நிலவரம் சொன்னது கிறிஸ்டி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கிறாள். சீசன் மூன்று மாதம்தான் அவள் வருடம். காலை ஆறு மணிக்கெல்லாம் அவள் குரல் வாட்ஸப்பில் வந்துவிடும். "ஏட்டி ஜோதி, இங்கன அஞ்சு கிளையிலயும் விழுது. பேரருவில கூட்டம் இல்லன்னு நம்ம கடைக்காரங்க குரூப்ல சொல்லுதாவ. பழைய குற்றாலமும் ஓகே. போட்டுரு." பழம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் என் பக்கத்தின் முகவரியைச் சொன்னாள். ஓர் அட்டையில் எழுதி ரம்புட்டான் குவியலில் குத்தியும் வைத்தாள்.

பதினோரு பேர் பார்த்தார்கள். அப்புறம் நாற்பது. அப்புறம் ஒரே நாளில் முந்நூறு. மதினிக்கும் லிங்க்கை அனுப்பினேன். காலைப் போன்கள் நின்றன. ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது கேட்காமலேயே வந்தார்கள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வியாழக்கிழமை ஒரு குறையைக் கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருக்கிற பக்கம் சின்ன போன்களில் கோணியது. நிலவரம் எழுதிய பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. உமா மகேஸ்வரி அதைத்தான் முதலில் பார்ப்பாள். அதைச் சரிசெய்யப் படிக்க வேண்டிய பாடங்களை எண்ணினேன், ஆறு. திங்கட்கிழமைக்குள் எனக்கு இரண்டு முழு நாள் வேண்டும். அன்று சாயங்காலம் மதினியின் செய்தி வந்தது. மதினியின் பெயர் அகிலாண்டேஸ்வரி. மதுரையில் இருக்கிறார். "நாளைக்கு சாயங்காலம் வாரோம். ஒம்பது பேரு. திங்கக்கெழமதான் கெளம்புவோம். இட்லிக்கு மாவு கூடப் போட்டுரு."

நான் பதிலாக ஒரு கும்பிடு படம் அனுப்பினேன். அந்த இளிப்புக்கு இப்போது படமும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை கிறிஸ்டி சொன்னாள். "ஏட்டி, அஞ்சுலயும் ஜம்முனு விழுது. நான் நாலு பெட்டி ரம்புட்டான் எடுத்திருக்கேன் பாத்துக்கோ. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பிச்சிக்கிட்டுப் போவும்."

லேப்டாப்பில் பக்கத்தின் கோப்பைத் திறந்தேன். அடுப்பில் பால் இருந்தது. யோசித்துச் செய்தேனா என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். பால் பொங்கும் முன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து செய்தேன். மூன்று இடத்திலும் பச்சையை அழித்துவிட்டுச் சிவப்பைப் போட்டேன். குளிக்கத் தடை. குளிக்கத் தடை. குளிக்கத் தடை. பக்கத்தை ஏற்றியபோது எதுவும் நடக்கவில்லை. பொய் சொல்ல எனக்கு முகமே தேவைப்படவில்லை.

ஏழு மணி ஆகவில்லை, போன் வந்தது.

"என்ன ஜோதி, செவப்பா கெடக்கு?"

"ஆமா மதினி. மலையில நல்ல மழையாம்."

"மூணுலயுமா?"

"மூணுலயும்தான்."

"சவம், இந்தப் பிள்ளைகள் ஒரு வாரமா துள்ளிக்கிட்டுக் கெடக்கு. சரி, நீ என்ன செய்வ? தண்ணி வந்தா பாத்துக்கிடுவோம். மாவு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் மதினி."

"ஐயோ, வீணாப் போவுமே," என்றார். அந்தக் குரலில் இருந்த உண்மையான வருத்தத்தைக் கேட்டுவிட்டு நான் போனை வைத்தேன்.

அன்றும் மறுநாளும் நான் படித்தேன். சீசனில் வீடு அப்படிச் சுத்தமாக இருந்து பல வருடம் ஆகிறது. காய்ந்த தரை. யாருடைய மூச்சும் இல்லாத அறை. சனிக்கிழமை காலை என் கணவர் வெளியே போய்விட்டு ஈரத்தலையோடு வந்தார். துண்டைத் தானே கொடியில் போட்டார். காப்பியைக் கையில் வாங்கியவர் என்னைப் பார்த்தார்.

"அக்கா வரலையாம்லா. தடையாம்."

"ஆமா."

"எங்க ஆபீஸ் குரூப்லயும் யாரோ ஒன் பக்கத்தப் படம் புடிச்சிப் போட்டிருக்கான்." ஒரு வாய் உறிஞ்சினார். "காப்பி நல்லாருக்கு."

வருடா வருடம் போனில் "வாங்கக்கா, இது என்ன கேள்வி" என்று சொல்கிற அதே வாய். அவர் காதோரத்திலிருந்து அருவித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே எண்ணெய்போல ஒன்று பரவுவதை உணர்ந்தேன். இருபது வருடத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கிறிஸ்டியின் குரல் வந்தது. பின்னால் தண்ணீர் இரைந்தது.

"என்னட்டி, இன்னைக்கு ஈயடிக்கேன். தண்ணி பாரு, கேக்குதா? இப்படி விழுது, ஆளக் காணும். மூணு பெட்டி அப்பிடியே இருக்கு. தோல் கறுக்க ஆரம்பிச்சிட்டு. எவனோ தடைன்னு கெளப்பி விட்டுட்டானாம். ஒம் பக்கத்துலதான் பச்சையாக் கெடக்கும்லா, அத நாலு பேருக்குத் தள்ளி விடுட்டி."

அவள் என் பக்கத்தைத் திறந்து பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அவள் சொல்வதைத்தானே நான் போடுகிறேன்.

ஆள் வராததற்கு நான்தான் காரணமா? அது எனக்குத் தெரியாது. மூவாயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள், அது தெரியும். மதுரையிலும் சிவகாசியிலும் எத்தனை பைகள் கட்டிய பிறகு அவிழ்க்கப்பட்டன என்பது தெரியாது. இல்லை இல்லை, வேறு காரணமும் இருக்கலாம் என்று உள்ளே ஒருத்தி வக்கீல்போலப் பேசினாள். அவள் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதே மாற்றியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் பச்சையைப் போட்டால் ஞாயிறு காலையில் மதினி வண்டி ஏறிவிடுவார். இன்னும் இரண்டு பாடம் மிச்சமிருந்தது. நான் மாற்றவில்லை. கிறிஸ்டிக்கு ஒரு கும்பிடு படம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பிலேயே கிடக்கவிட்டு மீதிப் பாடத்தை முடித்தேன். அந்த வெள்ளைப் பக்கத்தின் அடியில் அதே வரி இருந்தது. தவறு கண்டால் எழுதுங்கள். கையால் திரையின் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு படித்தேன். நாற்பத்தொரு வயதுப் பெண் செய்கிற காரியமா என்றால், செய்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உமா மகேஸ்வரி என் பக்கத்தைத் தன் போனில் திறந்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள். ஒரு பழைய சின்னப் போனை வாங்கி அதிலும் பார்த்தாள்.

"நல்லா உக்காந்திருக்கு. யாரு சொல்லித் தந்தா?"

"நெட்லதான் மேடம். தேடி எடுத்தேன்."

"எத்தன பேரு பாக்காங்க?" என்றவள் அந்தச் சிவப்பைப் பார்த்து நிறுத்தினாள். "இரிங்க, இது நீங்க செஞ்சதா? இந்தப் படம் எங்க குடும்ப குரூப்ல வந்துச்சே. எங்க சித்தப்பா வீட்டாளுங்க பன்னெண்டு பேரு வாரதா இருந்தாங்கக்கா. இதக் காட்டித்தான் நிப்பாட்டுனேன்." அவள் சத்தமாகச் சிரித்தாள். "நேத்து நானே பழைய குற்றாலம் போய்க் குளிச்சிட்டு வந்தேன். அப்பிடிக் கொட்டுது. செவப்பாக் கெடக்கத பாத்து, யாரோ நம்மள மாதிரி ஒருத்திதான்னு நெனச்சேன். சாமர்த்தியம்தான் ஒங்களுக்கு."

நானும் சிரித்தேன். என் பற்கள் காற்றில் காய்வதை உணர்ந்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் அப்பிடியே கெடக்கட்டும். நாளைக்கு வேற லீவு, படையெடுத்து வருவாங்க. நீங்க புதன்கிழமைலருந்து வந்துருங்க."

நான் கேட்டுப்போன இடம் கிடைத்துவிட்டது. பத்து மணி, பூட்டு, சாவி, பை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தலையணை உறையை உருவும்போது வருகிற அந்த வாடைதான் வந்தது. இந்த முறை அது விருந்தாளிகளிடமிருந்து வரவில்லை.

"மேடம், இங்கன ஒரு பிளக் கெடைக்குமா?"

லேப்டாப்பைச் செருகினேன். உயிர் வர இரண்டு நிமிடம் ஆனது. கிறிஸ்டியின் காலைச் செய்தியை இன்னொரு முறை கேட்டேன். கோப்பைத் திறந்து மூன்று வரியையும் மாற்றினேன்.

"என்னக்கா செய்யுதிய?"

"திருத்துதேன் மேடம். தண்ணி விழுதுல்லா."

"இப்பமே எதுக்கு? நாளைக் கழிச்சு மாத்தலாம்ல?"

"அங்கன கடைக்காரங்க இருக்காங்க," என்றேன். பச்சைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். வெள்ளி முதல் திங்கள் காலை வரை இந்தப் பக்கத்தில் இருந்தது தவறு. அந்த நாட்களில் தடை எதுவும் இல்லை. அதன் அடியில் என் பெயர். ஏற்றினேன்.

உமா மகேஸ்வரி தன் போனில் அதைப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய பன்னிரண்டு பேரை நினைத்திருப்பாள். "புதன்கிழமை வரும்போது நீளமான ஒயர் ஒண்ணு கொண்டாங்க. ஒங்க மேஜைக்கு இந்த பிளக் எட்டாது," என்றாள். கொஞ்சம் கசப்பாகத்தான் சொன்னாள்.

படியில் இறங்கும்போது போன் வந்தது. மதினி. எப்போதும் போனும் கையுமாகத்தான் இருப்பார்.

"ஏட்டி, பச்சையாயிட்டே! நாளைக்குப் பிள்ளைகளுக்கு லீவு. இன்னா கெளம்புதோம். அதென்ன கீழ ஏதோ எழுதிக் கெடக்கு, நான் கண்ணாடி போடல…"

"தண்ணி நல்லா விழுது மதினி. ஆனா வீட்டுக்கு வேண்டாம். அங்கன ரூம் ஏதாவது எடுத்துக்கிடுங்க."

"என்ன சொல்லுத? கேக்கல."

அவருக்குக் கேட்டிருந்தது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்குக் கொடுத்த இடைவெளி அது. என் முகம் அதற்குள் விரியத் தயாராகிக்கொண்டிருந்தது. படிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு வராதீங்க மதினி. வெள்ளிக்கெழம நான் பொய் சொன்னேன். தடையெல்லாம் இல்ல. நீங்க வர வேண்டாம்னுதான் அப்படிப் போட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ பை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் தம்பிட்ட பேசிக்கிடுதேன்," என்றார் மதினி.

"பேசுங்க."

கீழே வந்து கிறிஸ்டிக்குச் செய்தி அனுப்பப் போனை வாய்க்கருகே வைத்தேன். "ஏட்டி கிறிஸ்டி, வெள்ளிக்கிழமை நான்…" என்று ஆரம்பித்து அழித்தேன். இரண்டாவது முறை என் குரல் குழைந்தது, மன்னிப்பை முன்கூட்டியே வாங்கப் பார்க்கிற குரல். அதையும் அழித்தேன். அதற்குள் கணவர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். அருவிக்கு எத்தனையோ முறை போய்வந்த பஸ். முன்சீட்டில் ஒருவர் வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் நேற்றைய எண்ணெய் இன்னும் மினுங்கியது. உட்கார இடமில்லை. வண்டி திரும்பியபோது மேல்கம்பியைப் பிடித்தேன். முழுக்கப் பிசுபிசுப்பு. கையை எடுக்காமல் ஐந்தருவி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன்.